முன்னொட்டுப் பட்டியலை எதுவரை நம்பலாம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘இன்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘இல்லை’ என்று பொருள் வரும் என முன்னொட்டுப் பட்டியலில் மனப்பாடம் செய்தேன். ஆனால் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறார்கள். பட்டியல்படி அது ‘எரியாது’ என்றல்லவா ஆக வேண்டும்? லாரி மட்டும் அவருடைய சந்தேகம் அல்ல. லத்தீன் முன்னொட்டுகளைப் படித்துவைத்தால் தெரியாத சொல்லின் பொருளைப் பிடித்துவிடலாம் என்று பயிற்சி நூல்கள் சொல்வதை எதுவரை நம்பலாம் என்பதே அவர் உண்மையில் கேட்பது. எழுத்துக்கூட்டலுக்கு அநேகமாக முழுக்க நம்பலாம். மருத்துவம், அறிவியல் போன்ற துறைச் சொற்களுக்குப் பெரும்பாலும் நம்பலாம். அன்றாடப் புழக்கத்தில் தேய்ந்த பழைய சொற்களின் பொருளுக்கு மட்டும் நம்பக்கூடாது; அங்கே முன்னொட்டு நினைவில் வைக்க உதவுமே தவிர, ஊகிக்க உதவாது.

முதலில் லாரியைப் பார்ப்போம். லத்தீனில் ‘இன்’ என்ற உருவில் இரண்டு முன்னொட்டுகள் உண்டு. ஒன்று எதிர்மறை, இன்விசிபிள், இன்கரெக்ட் என்பவற்றில் இருப்பது. மற்றொன்று ‘உள்ளே, மேலே, அதை நோக்கி’ என்று பொருள்படுவது. இன்வேட், இன்ஜெக்ட், இன்க்லூட் என்பவற்றில் இருப்பது. பிறப்பில் இரண்டும் வேறு வேறு; லத்தீனில் ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. இன்ஃப்ளேமபிள் இரண்டாவது வகை. ‘இன்ஃப்ளமாரே’ என்ற லத்தீன் வினைக்குத் தீ மூட்டு என்று பொருள்; அதிலிருந்து வந்த ‘தீ மூட்டத்தக்க’ என்ற சொல் அது. மருத்துவர்கள் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் இதே குடும்பம்தான். அதைத் தமிழில் அழற்சி என்கிறோம். அழல் என்றால் தீ. ஆக, தமிழ்ச் சொல்லுக்குள்ளும் அதே நெருப்பு இருக்கிறது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இன்ஃப்ளேமபிள் என்பதை ‘எரியாதது’ என்று தவறாகப் படித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ‘இன்’னை விட்டுவிட்டு ஃப்ளேமபிள் என்றே எழுதச் சொன்னது. இன்று இரண்டு சொற்களும் ஒரே பொருளில் புழங்குகின்றன. எரியாததைச் சொல்ல நான்-ஃப்ளேமபிள் என்கிறார்கள். கம்பஸ்டிபிள் என்பதன் முன்னால் வரும் ‘இன்’னோ எதிர்மறை, இன்கம்பஸ்டிபிள் என்றால் எரியாதது. ஒரே பொருளுள்ள இரு சொற்கள், ஒரே உருவில் முன்னொட்டு, விளைவு மட்டும் நேர்மாறு. பாதுகாப்பு அறிவிப்பு எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்தால் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள்.

எந்த ‘இன்’ என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. முன்னொட்டை நீக்கிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். அது தனியே நிற்கக்கூடிய பெயரடை என்றால் பெரும்பாலும் எதிர்மறை: விசிபிள், கரெக்ட், பேஷன்ட். முழுச்சொல் வினை என்றால் பெரும்பாலும் ‘உள்ளே’: இம்போர்ட், இன்வேட், இம்மர்ஸ், இல்யூமினேட். விதிவிலக்குகளுக்கும் காரணம் உண்டு. இன்வேலிடேட், இம்மொபிலைஸ் இரண்டும் வினைகள். ஆனால் எதிர்மறைப் பெயரடையிலிருந்து பிறகு செய்யப்பட்டவை என்பதால் ‘இல்லை’ பொருளைச் சுமக்கின்றன. இன்ஹாபிட்டபிள் என்பது இன்ஃப்ளேமபிள் போலவே இன்ஹாபிட் என்ற வினையிலிருந்து வந்தது. எனவே ‘வசிக்கத்தக்க’ என்றே பொருள். வசிக்க முடியாத இடத்துக்கு அதன் முன்னால் ‘அன்’ சேர்க்க வேண்டும். இன்வேல்யுவபிள் என்பதில் எதிர்மறை இருக்கிறது, ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அல்ல, மதிப்பிடும் செயல். நம்முடைய ‘விலைமதிப்பற்ற’ என்ற சொல் நடந்துகொள்ளும் விதமும் இதுவே. இவை தேர்வுத் தாள்களுக்குப் பிடித்தமான சொற்கள், தனியே குறித்துவையுங்கள்.

எழுத்துக்கூட்டல்தான் முன்னொட்டு அறிவு அதிகம் பயன்படும் இடம். பட்டியல்களில் இன், இம், இல், இர் என்று நான்கு முன்னொட்டுகள் தனித்தனியாக இருக்கும். உண்மையில் அவை ஒன்றே. தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி படித்தவருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. மரம் என்பதோடு ‘கள்’ சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிந்து மரங்கள் ஆகிறது அல்லவா? லத்தீனிலும் வருமொழியின் முதல் ஒலிக்கு ஏற்ப முன்னொட்டின் கடைசி ஒலி திரிகிறது. உதடு ஒட்டிப் பிறக்கும் ஒலிகளுக்கு முன், அதாவது பென்சிலில் வரும் பி, பஸ்ஸில் வரும் பி, எம் ஆகியவற்றுக்கு முன், என் எழுத்து எம் ஆகிறது: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மார்ட்டல். எல்லுக்கு முன் எல் ஆகி இல்லீகல். ஆருக்கு முன் ஆர் ஆகி இர்ரெகுலர். சில இடங்களில் திரிவதோடு நில்லாமல் கெட்டும் போகிறது: இக்னோர் என்பதில் என் எழுத்து முன்னொட்டிலிருந்து மறைந்துவிட்டது, அங்கே காணப்படும் என் எழுத்து ‘அறி’ என்று பொருள்படும் வேருக்கு உரியது.

‘சேர்ந்து’ என்று பொருள்படும் முன்னொட்டும் இதே வழியில் போகும். கம்பைன், கனெக்ட், கொலீக், கரெக்ட், கோஆபரேட் எல்லாவற்றின் தொடக்கத்திலும் ஒரே லத்தீன் முன்னொட்டு. வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சங்கமம், சந்தோஷம், சம்பவம், சல்லாபம் என்ற நான்கிலும் ‘சம்’ என்ற ஒரே முன்னொட்டு நான்கு உருவில் இருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். சல்லாபம் என்பதன் மூலப்பொருள் சேர்ந்து பேசுவது. ஆங்கிலத்தின் கொலோக்வியல் என்பதும் ‘சேர்ந்து’, ‘பேசு’ என்ற இரண்டு துண்டுகளால் ஆனது. அங்கும் முன்னொட்டின் இறுதி எல்லாகத் திரிந்திருக்கிறது. இந்த இரு முன்னொட்டுகளும் பிறப்பில் உறவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒத்திருப்பது திரியும் முறை.

இந்தத் திரிபுதான் ஆங்கிலத்தில் இரட்டித்த எழுத்துகளாக நிற்கிறது. பேச்சில் ஒரு எழுத்துதான் கேட்கும்; எழுத்தில் இரண்டு வரும். தவறு நடப்பது அங்கேதான். அக்காமடேட் என்பதைப் பலர் ஒரே எம் போட்டு எழுதுகிறார்கள். அதைப் பிரித்தால் ‘அட்’ என்ற முன்னொட்டு, அதன் பின் ‘கொம்’ என்ற இன்னொரு முன்னொட்டு, பிறகு ‘அளவு’ என்று பொருள்படும் மோடுஸ். முதல் முன்னொட்டின் டி அடுத்த சி எழுத்தைப் பார்த்து சி ஆனது. எனவே இரண்டு சி. ‘கொம்’மின் எம், மோடுஸின் எம், எனவே இரண்டு எம். ரெக்கமண்ட் என்பதில் ‘ரி’க்குப் பின் ‘கொம்’ வருகிறது. ‘ரி’ உயிரில் முடிவதால் திரிய ஒன்றுமில்லை. ஆகவே ஒரே சி. ‘கொம்’முக்குப் பின் மகரத்தில் தொடங்கும் வேர், ஆகவே இரண்டு எம். டிஸ்அப்பியர் என்பதில் டிஸ்ஸுக்குப் பின் அப்பியர். எஸ் ஒன்று, பென்சிலில் வரும் பி இரண்டு. டிஸ்சாட்டிஸ்ஃபைடில் இரண்டாவது சொல்லே எஸ்ஸில் தொடங்குவதால் எஸ் இரண்டு. அக்கரன்ஸ் என்பதில் ‘ஒப்’ திரிந்து இரட்டை சி. வேரான ‘குர்ரேரே’வில், அதாவது ஓடு என்பதில், ஏற்கெனவே இரட்டை ஆர். அக்கேஷனில் அதே ‘ஒப்’ இரட்டை சி கொடுக்கிறது. வேரில் இரட்டிப்பு இல்லாததால் எஸ் ஒன்றுதான்.

ஒரு ஜோடியைத் தனியே சொல்ல வேண்டும். இன்னாக்குவஸ் என்றால் தீங்கற்ற. இனாக்குலேட் என்றால் தடுப்பூசி போடு. முதலாவதில் இரண்டு என், இரண்டாவதில் ஒன்று. இரண்டாவதிலும் இரண்டு போட்டு எழுதுவது ஆங்கிலேயர்களிடையேகூடப் பரவலான பிழை. முதலாவது எதிர்மறை ‘இன்’னும், தீங்கு செய்வதைக் குறிக்கும் நொக் என்ற வேரும் சேர்ந்தது, இன்னசன்ட் என்பதிலும் அதே வேர். இரண்டாவது ‘உள்ளே’ என்னும் ‘இன்’னும் ஒகுலுஸ் என்ற சொல்லும் சேர்ந்தது. ஒகுலுஸ் என்றால் கண். செடியின் மொட்டுக்கும் அதே பெயர். ஒரு மரத்தின் மொட்டை இன்னொன்றின் பட்டைக்குள் செருகி ஒட்டுக் கட்டுவதற்கான சொல் அது. நோய்ப்பொருளை உடலுக்குள் செலுத்துவதற்குப் பிற்காலத்தில் பெயராயிற்று. வேர் உயிரெழுத்தில் தொடங்குவதால் என் இரட்டிக்க வழியே இல்லை. இப்படி ஒரு தடவை பிரித்துப் பார்த்தவர் மறுபடி தவறு செய்வது அரிது.

இந்த விதிக்கு எல்லை உண்டு. ‘அன்’ லத்தீன் முன்னொட்டு அல்ல, ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. எனவே அது திரியாது. அன்பாப்புலர், அன்லாஃபுல், அன்ரியல் என்று எல்லா எழுத்துக்கு முன்னும் அப்படியே நிற்கும். ஆங்கிலத்துக்குச் சொந்தமான ‘இன்’ ஒன்றும் உண்டு: இன்புட், இன்மேட், இன்லெட். இவற்றை எம் போட்டோ எல் போட்டோ எழுதக்கூடாது. எதிர்மறையில் எங்கே ‘அன்’, எங்கே ‘இன்’ என்று உறுதியான விதி கிடையாது. ஆனால் பெயரடைக்கு ‘அன்’, அதன் பெயர்ச்சொல்லுக்கு ‘இன்’ என்று மாறும் சில ஜோடிகள் அடிக்கடி கேட்கப்படுகின்றன: அன்ஏபிள் ஆனால் இன்எபிலிட்டி, அன்ஸ்டேபிள் ஆனால் இன்ஸ்டெபிலிட்டி, அன்ஈக்வல் ஆனால் இன்ஈக்வாலிட்டி, அன்ஜஸ்ட் ஆனால் இன்ஜஸ்டிஸ். பெயர்ச்சொல் முழுதாக லத்தீன் வழியில் வந்தது என்பதே காரணம். இங்கே இன்னொன்றும் சொல்ல ஆசை. ஆங்கில ‘அன்’, லத்தீன் எதிர்மறை ‘இன்’, அநீதி, அநியாயம் என்பவற்றில் வடமொழியிலிருந்து நமக்கு வந்திருக்கும் ‘அ’ ஆகிய மூன்றும் ஒரே மூலத்தின் பிள்ளைகள். இது மொழியியலில் ஐயமற்ற செய்தி.

பொருளுக்கு வருவோம். லத்தீன் சொற்கள் பல நேராக ஆங்கிலத்துக்கு வரவில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழியாக, உருமாறி வந்தன. அப்படி வந்தவற்றில் முன்னொட்டு அடையாளம் தெரியாமல் ஒளிந்திருக்கும். எனிமி என்பதில் ‘இன்’ இருக்கிறது என்று யார் சொல்வார்? அது லத்தீன் இனிமிகுஸ், ‘நண்பனல்லாதவன்’. சூப்பர் என்பது பிரெஞ்சில் தேய்ந்து ‘சர்’ ஆனது: சர்ஃபேஸ், சர்நேம், சர்ப்ளஸ். சர்வே, சூப்பர்வைஸ் இரண்டும் ‘மேலிருந்து பார்’ என்ற ஒரே சேர்க்கை. ஒன்று பிரெஞ்சில் தேய்ந்து வந்தது, மற்றது லத்தீன் உருவோடு வந்தது. நிலம் அளப்பவரும் தேர்வு அறையில் கண்காணிப்பவரும் சொற்பிறப்பில் ஒரே தொழில்காரர்கள். சூப்பருக்கு வடமொழியில் உறவு உபரி. ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே போகும் தண்ணீரை உபரி நீர் என்றும் சர்ப்ளஸ் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறோமே, அந்த இரண்டிலும் ஒரே பழைய ‘மேல்’ இருக்கிறது.

அறிஞர்களே ஏமாந்த சொற்களும் உண்டு. அட்மிரல் என்பது அரபு அமீரிலிருந்து வந்தது. அட்மயர் குடும்பத்து லத்தீன் சொல்லின் சாயல் பட்டு, இல்லாத டி உள்ளே நுழைந்தது. அட்வான்ஸ் என்பதும் அப்படியே. பிரெஞ்சில் டி இல்லாமல் இருந்தது, மூலம் ‘அப்’, ‘அன்டே’ என்ற இரண்டும் சேர்ந்தது. தொடக்கத்து ஏ எழுத்தை ‘அட்’ முன்னொட்டின் மிச்சம் என்று நினைத்துச் சேர்த்த டி இன்றுவரை நிற்கிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முன்னொட்டெல்லாம் முன்னொட்டு என்று கொள்ள முடியாது. இமேஜ், இமிடேட் இரண்டிலும் ‘இம்’ கிடையாது. இன்ச் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறிக்கும் உன்கியாவின் பிள்ளை. ப்ரெஷஸ் என்பதில் ‘ப்ரீ’ இல்லை, விலை இருக்கிறது. இதற்கு நேர்மாறாக ஆன்டிசிபேட் என்பது ‘எதிர்’ என்னும் கிரேக்க ஆன்டி போலத் தெரிந்தாலும், அது ‘முன்’ என்னும் லத்தீன் ஆன்டே, முன்கூட்டியே பிடித்துக்கொள்வது. காலை நேரத்துக்கு நாம் போடும் ஏ.எம். என்பதன் முதலெழுத்தும் அந்த ஆன்டேதான், பி.எம். என்பதில் போஸ்ட்.

முன்னொட்டு சரியாகவே தெரிந்தாலும் பொருள் கிடைக்காத இடங்கள் இன்னும் அதிகம். ரிசீவ், டிசீவ், கன்சீவ், பர்சீவ் நான்கிலும் ‘பிடி’ என்ற ஒரே வேர். ‘திரும்ப’, ‘கீழே’, ‘சேர்ந்து’, ‘ஊடே’ என்று அட்டவணைப் பொருளைச் சேர்த்துப் பாருங்கள்: பெறுதல், ஏமாற்றுதல், கருத்தரித்தல், உணர்தல் என்பவை எதிலிருந்தும் வராது. லத்தீனிலேயே இவை பொருள் இறுகி உறைந்துவிட்டவை. ‘டி’, ‘கொம்’, ‘பெர்’ ஆகிய மூன்றும் பல சொற்களில் வெறும் அழுத்தம் கொடுக்க மட்டும் வருகின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

துறைச் சொற்கள் இப்படி ஏமாற்றாது, ஏனென்றால் அவை அண்மைக் காலத்தில் திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. இன்ட்ராவீனஸ் என்றால் சிரை என்னும் ரத்தக்குழாய்க்குள்ளே, சப்லிங்குவல் என்றால் நாக்குக்கு அடியில், இன்டர்காஸ்டல் என்றால் விலா எலும்புகளுக்கு இடையில். இன்டர் என்பது இடையே, இன்ட்ரா என்பது உள்ளே; இன்டர்நெட், இன்ட்ராநெட் வேறுபாடும் அதுவே. ஹைப்பர், ஹைப்போ இரண்டும் கிரேக்கம். முறையே சூப்பர், சப் என்பவற்றின் உறவினர். காதுக்கு நெருக்கமாக இருப்பதால் ஆபத்தானவை. ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் தாழ் அழுத்தம். வாயால் சொல்லும்போது ‘உயர்’, ‘தாழ்’ என்று தமிழில் ஒருமுறை சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ‘பை’ மட்டும் இன்றைய ஆங்கிலத்திலும் தீராத சிக்கல். பையென்னியல் இரண்டாண்டுக்கு ஒருமுறை, பைஆன்யுவல் ஆண்டுக்கு இருமுறை; பைமன்த்லி இரண்டு பொருளிலும் வருகிறது, அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. மாதமிருமுறை, இருமாத இதழ் என்று தமிழ் தெளிவாகப் பிரித்துவைத்திருப்பதை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று சொற்களால் விரித்து எழுதுவதே பாதுகாப்பு.

இனி எப்படிப் படிப்பது? முன்னொட்டு வாரியாகப் பட்டியல் போடாதீர்கள். ‘ரி’யில் தொடங்கும் நூறு சொற்களுக்கு இடையே பொதுவாக ஒன்றும் இருக்காது. ஒரு வேரை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் வருபவற்றை மாற்றுங்கள். ‘அனுப்பு’ என்னும் மிட் வேர் நல்ல தொடக்கம்: அட்மிட், எமிட், ஒமிட், பர்மிட், ரிமிட், சப்மிட், டிரான்ஸ்மிட். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் மிஷன் என்று முடியும். அப்படி முடியும்போது எஸ் இரண்டு; வினையின் இறந்தகாலத்தில், டீச்சரில் வரும் டி எழுத்தும் இரண்டு. கமிட் என்பதில் மட்டும் எம் இரண்டு, ஏனென்று இப்போது உங்களுக்கே தெரியும். எமிட், ஒமிட் இரண்டிலும் முன்னொட்டின் மெய் கெட்டுப்போனதால் எம் ஒன்றுதான். அடுத்ததாக ‘தூக்கிச் செல்’ என்னும் போர்ட், ‘பார்’ என்னும் ஸ்பெக்ட், ‘எறி’ என்னும் ஜெக்ட், ‘எழுது’ என்னும் ஸ்க்ரைப் ஆகியவற்றை எடுக்கலாம். ஒவ்வொரு சொல்லையும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதிவையுங்கள். நல்ல அகராதியில் பொருளுக்கு அடுத்து வரும் சொற்பிறப்புப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். இணையத்தில் சுற்றும் பட்டியல்களை அதனோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

தெரியாத சொல் ஒன்றில் இதைச் செய்து பார்ப்போம். சட்டப் பத்திரங்களிலும் வங்கி ஆவணங்களிலும் வரும் இர்ரெவக்கபிள் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இரட்டை ஆர், ஆகவே திரிந்த ‘இன்’. அதை நீக்கினால் மிஞ்சும் ரெவக்கபிள் ஒரு பெயரடை, ஆகவே எதிர்மறையாக இருக்க வேண்டும். அடுத்து ‘ரி’, திரும்ப. நடுவில் வொக், குரல் கொடு, கூப்பிடு. வோக்கல், வொகேஷன் என்பவற்றில் உள்ளது. கடைசியில் ‘தக்க’ என்னும் விகுதி. திரும்ப அழைக்க முடியாதது, அதாவது எழுதிக் கொடுத்தபின் ரத்து செய்ய முடியாதது. பிறகு அந்தச் சொல் வந்த வாக்கியத்தில் இந்தப் பொருளை வைத்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினாலும் அகராதியை ஒருமுறை திறந்துவிடுங்கள். அதன் உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில், ‘ரெ’யின்மீது விழுகிறது, துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பதால் மட்டும் அது தெரிய வராது.